பரணில் ஏறிய பேக்கப்

உத்தமபாளையம்,
21.8.2005

அன்பு மகள் ஃபர்ஹீனுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் இங்கே சுகம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாக இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். புது வீட்டுக்கு இன்னும் போன் வரவில்லை என்று மாப்பிள்ளை யாரிடமோ சொல்லி, அது ஊரைச் சுற்றிக் கடைசியில் என் காதுக்கு வந்தது. போன் வந்தாலும் என்னத்தைப் பேசுவது, பாதி நேரம் கேக்குதா கேக்குதா என்று கத்துவதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அதோடு இந்த உறைக்குள் ஒரு சாமானும் வைத்திருக்கிறேன், அவசரப்பட்டு உறையைக் கவிழ்த்துக் கொட்டாதே, கடிதத்தைப் படித்துவிட்டுப் பார். இங்கே ஆவணி பிறந்தும் ஆடிக் காற்று ஓயவில்லை, மாடியில் காயப்போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்கி வருகிறேன். ஆற்றில் தண்ணீர் வந்து வயலெல்லாம் நட்டுப் பச்சையாகக் கிடக்கிறது. அத்தாவுக்கு முழங்கால் வலி, நம் போட்டோ ஸ்டூடியோ மாடிப்படி ஏற முடியவில்லை, கீழே ஒரு இடம் பாருங்கள் என்றால் மாடியில் இருந்தால்தான் போர்டு நாலு பேர் கண்ணில் படும் என்று வீம்பு. வீம்பு யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு பாஜிலாவுக்குக் கத்தாரிலிருந்து விசா வந்துவிட்டது, கொச்சியில் பிளைட் ஏறுகிறாள். அவள் அம்மா ஜைனம்பு போன நோன்பில் மவுத்தாகிக் கண்ணை மூடியது உனக்குத் தெரியும், இன்னும் நான் வாசலுக்குப் போனால் எதிர்வீட்டைப் பார்த்து, என்னடி குழம்பு என்று கேட்க வாயைத் திறந்துவிடுகிறேன். பாஜிலா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, எங்கம்மா போட்டோ ஒண்ணு வேணும், ஒண்ணே ஒண்ணு போதும்" என்றாள். அந்த வீட்டில் ஜைனம்பு படம் ஒன்றுகூடக் கிடையாது, ஓட்டு அட்டையில் இருப்பது முக்காட்டுக்குள் ஒரு மூக்கு மட்டும்தான். பாஜிலா கல்யாண ஆல்பம் இருக்கிறதே என்று நீ கேட்பாய். ஆண்கள் பக்கம் அத்தாவும் பெண்கள் பக்கம் நானும் எடுத்தோம் இல்லையா, ஆல்பத்துக்குப் படம் பொறுக்க ஜைனம்புதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தன் தலை தெரிகிற படத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள், "என் மூஞ்சி எதுக்கு பாத்திமா, பிள்ளைய வை" என்று. அப்படியே தன்னை அந்த ஆல்பத்திலிருந்தே துடைத்து எடுத்துவிட்டாள். ஆனால் தள்ளின படமெல்லாம் சீடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் இடம் பற்றாமல், கல்யாணம் முடிந்ததும் நீ சொல்லிக்கொடுத்தபடி அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் சீடியில் எழுதிவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவதுதானே நம் வழக்கம். அதனால் பாஜிலாவிடம், அழாத, நாளைக்கே எடுத்துத் தாரேன் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

அங்கேதான் வந்தது வினை. என் தங்கை மகன் ரியாசுதீன் லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், சும்மா இருந்த நேரத்தில் நம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இன்னும் இந்த அரதப் பழசையா வச்சிருக்கீக, புது வெர்ஷன் வந்திருச்சு, அப்டேட் பண்ணித் தாரேன்" என்று, சீடி எழுத நீ போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பச்சைப் பொத்தான் நீலமாகி ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மறுநாள் பாஜிலா கல்யாணச் சீடியைப் போட்டுத் திருப்பி எடுக்கப் பார்த்தால், சீடி டிரைவே இல்லை என்கிறது. கண் முன்னால் தட்டை நீட்டி சீடியை வாங்கி உள்ளே இழுத்துக்கொள்கிற டிரைவை இல்லை என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும். ரியாசு கழற்றித் துடைத்தான், கேபிளை மாற்றிச் சொருகினான், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டான், அதே பதில்தான். அத்தா வந்து பார்த்துவிட்டு, டிரைவ் செத்துப்போச்சா, உசிரோட இருக்கான்னு மொதல்ல பாரு என்று தன்னுடைய பாட்டுச் சீடியைப் போட்டார், அது கணீர் என்று பாடியது. அப்போதுதான் ரியாசு, டிரைவ் நல்லாத்தான் இருக்கு, இந்தப் புது வெர்ஷனுக்குத்தான் நம்ம பழைய டிரைவை அடையாளம் தெரியல என்று தலையைச் சொறிந்தான். சீடியை நேரே திறந்து பார்க்கலாமே என்றேன், திறந்தால் படம் ஒன்றும் இல்லை, வாயில் நுழையாத பேரில் ஒரே ஒரு பெரிய கட்டு, அந்தச் சாஃப்ட்வேர் அவிழ்த்தால்தான் அவிழுமாம். நெட் சென்டருக்குப் போய்ப் பழைய வெர்ஷனைத் தேடினான், அங்கேயும் புதுசுதான் கிடைக்கிறது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள், அந்த ஆண்டி நம் வீட்டில் ஜீன்ஸ் பேண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தேனியில் அல்லிநகரத்துப் பக்கம் ஒரு கடை இருக்கிறது, சீடியைக் கொடுத்தால் எப்படியாவது பிரித்துத் தருவான், கொண்டுபோகிறேன் என்று ரியாசு கிளம்பினான். நான் சீடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அதில் இருப்பதெல்லாம் பெண்கள் பக்கத்துப் படம், முக்காடு நழுவியது தெரியாமல் சிரிக்கிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள், பாத்திமாதானே எடுக்கிறாள் என்ற நம்பிக்கையில் என் முன்னால் நின்றவர்கள். அது அமானிதம், ஒருத்தர் நம்பி நம் கையில் கொடுத்ததை முன்பின் தெரியாத ஆம்பளை மேஜையில் போய் வைக்க முடியுமா. அவுக பாக்கவே மாட்டாக பெரியம்மா, காப்பி பண்ணித் தந்துருவாக என்று கெஞ்சுகிறான். ஏலே, பூனை பாலைப் பாக்காமக் காவல் காக்குமா என்றேன். உன் அத்தாகூட, எதற்கெடுத்தாலும் எனக்கு எதிர்க்கட்சி, அன்றைக்கு மட்டும் ஒங்க பெரியம்மா சொல்றது சரிதான் என்றார். ஆனால் பாஜிலா தினமும் வந்து வாசலில் நிற்கிறாள், கேட்கக்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். ஊருக்குப் போக அவள் பெட்டி கட்டியாகிவிட்டது. ஃபர்ஹீன், உன்னிடம் சொல்வதற்கென்ன, அழுகையாக வந்தது. ஜைனம்பு படம் கையிலேயே இருக்கிறது, காட்ட முடியவில்லை.

அப்போதுதான் ரியாசு, மானிட்டருக்கு மேலே நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டைப் படித்தான், "அம்மா, ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் மறக்காமல் பேக்கப் செய்யவும்" என்று உன் முத்து முத்தான கையெழுத்து. பேக்கப் எல்லாம் ஒழுங்காப் பண்ணீகளா என்று கேட்டான். பண்ணாமல் என்ன, சீடி எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, ஏலக்காய் மூட்டைச் சணலால் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவேனே என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தான், அத்தாவும் சேர்ந்துகொண்டார். சீடி எழுதுவதுதான் பேக்கப்பாம். எனக்கு எப்படித் தெரியும், வீடியோ எடுக்கிறவர்கள் வேலை முடிந்ததும் லைட்டை அணைத்துவிட்டு "பேக்கப்" என்றுதானே கத்துகிறார்கள், எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறார்கள். நீயும் தமிழில் ஒரே ஒரு "பே"தான் போட்டு எழுதினாய், அது எந்த பே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனில் நீ பேக்கப் பண்ணியாம்மா என்று கேட்பதும், பண்ணிட்டேன்டி, இறுக்கக் கட்டி வச்சிருக்கேன் என்று நான் சொல்வதும், சமத்து அம்மா என்று நீ சொல்வதும் இத்தனை வருஷமாக நடந்திருக்கிறதே, நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபிறகு ரியாசு சட்டென்று எழுந்து, பெரியம்மா, மொத மொத என்னத்தையெல்லாம் கட்டி வச்சீக என்று கேட்டான். கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதோடு வந்த எல்லாவற்றையும்தான், தெர்மாகோல், பிளாஸ்டிக் பை, மிச்சத் திருகாணி, டிரைவ் வந்த டப்பா, ஒன்றையும் விடவில்லை. அத்தா கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள ரியாசு பரணில் ஏறினான். டிரைவ் டப்பாவைப் பிரித்தால், அடியில் காகித உறைக்குள், கீறல் விழாமல், டிரைவோடு வந்த அந்தப் பழைய சாஃப்ட்வேர் சீடி.

நேரே போட்டதும் அது ஏறவில்லை, என்னைவிடப் புதுசு உள்ளே இருக்கிறது என்று முறுக்கிக்கொண்டது. புதுசை முழுக்க எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பழசை ஏற்றினான். பச்சைப் பொத்தான் பழைய இடத்தில் வந்து நின்றது, டிரைவின் பேரும் கீழே வந்தது, நான் பிஸ்மி சொல்லிச் சீடியைப் போட்டேன். கர் கர் என்று கொஞ்ச நேரம் பயமுறுத்திவிட்டுப் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ரியாசுவை வெளியே அனுப்பிவிட்டு பாஜிலாவைக் கூப்பிட்டேன். ஜைனம்பு எல்லாப் படத்திலும் முதுகைக் காட்டுகிறாள், இல்லையென்றால் கேமராவுக்கு முன்னால் கையை நீட்டியிருக்கிறாள், பாஜிலா முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசிக்குப் பக்கத்தில் ஒன்று. மணவறை ஓரத்தில் நின்று என்னைப் பார்த்து ஏசுகிறாள், முக்காடு தோளில், புருவம் நெற்றியில், வாய் நிறைய வெற்றிலை, என்னை எடுக்காதடி என்று சொல்லும்போதே நான் அமுக்கிவிட்டிருக்கிறேன். இதை எப்படி ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது என்று எனக்குச் சங்கடம். பாஜிலாவோ திரையில் கையை வைத்து, "எங்கம்மாதான் மாமி, இப்படித்தான் ஏசும், ஏசுறது கேக்குது மாமி" என்று சொல்லிச் சிரித்தாள், அப்புறம் என் மடியில் விழுந்து அழுதாள், நானும் அழுதேன். ஜைனம்பு வேண்டாம் என்ற படத்தைக் கொடுத்துவிட்டேன், பெற்ற மகள்தானே கேட்டது, மறுமையில் அவள் என்னை ஏசினால் ஏசட்டும், அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

போகும்போது பாஜிலா வாசலில் திரும்பி, "மாமி, ஃபர்ஹீன்கிட்ட ஒங்க போட்டோ இருக்கா" என்றாள். இல்லாமல் என்ன என்று சொல்லிவிட்டேன். அவள் போனபிறகு பரணிலிருந்து எல்லாப் பெட்டியையும் இறக்கி ஒவ்வொரு சீடியாகப் போட்டுப் பார்த்தேன். ஊர்க்காரர் கல்யாணம் எல்லாம் இருக்கிறது, உன் கல்யாணமும் இருக்கிறது, நான் எதிலும் இல்லை. இத்தனை வருஷமும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறேன். அதனால் பாஜிலாவைத் திரும்பக் கூப்பிட்டு, அவள் கையில் கேமராவைக் கொடுத்து என்னை எடுக்கச் சொன்னேன். நேராகப் பிடிக்கத் தெரியவில்லை அந்தப் பிள்ளைக்கு, கையை ஆட்டாதடி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அமுக்கிவிட்டாள், வாயைத் திறந்தபடி படத்தில் விழுந்துவிட்டேன். இன்னொன்று எடுக்கிறேன் என்றாள், வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உறைக்குள் இருப்பது அதுதான்.

குளிருக்குச் சின்னவன் காதை மூடிக் கட்டு, தலையைத் துவட்டாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல். புது வீட்டில் பரக்கத்தும் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் அல்லாஹ் தருவான். போன் வந்ததும் முதல் பேச்சு என்னோடுதான் இருக்க வேண்டும். இந்தப் படத்தை மறக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றி உன் பேக்கப்பைச் செய், அப்புறம் ஒரு பெட்டியில் போட்டு இறுக்கக் கட்டி என் பேக்கப்பையும் செய்துவிடு. என்றைக்காவது என் குரல் கேட்கவேண்டும் போல இருந்தால் பிரித்துப் பார்.

என்றும் உன் நலம் கேட்டு ஏசிக்கொண்டிருக்கும்
அம்மா
ஹ. பாத்திமா