அரை பார் குறைவு

பெப். 6, ஞாயிறு
காலையிலேயே புழுக்கம். பூசை முடிந்து வந்து கிட்டார்க் கம்பி துடைத்தேன். கொட்டாஞ்சேனை மாதா கோயில் மண்டபத்தில் வரும் சனி கச்சேரி. மகள் ரெஜினா பாடுகிறாள். நான் வாசிப்பதா இல்லையா, முடிவில்லை.

போன டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு அவள் அடியை இழுத்துப் பாட, நான் கணக்குப்படி கிட்டாரில் அடுத்த கோர்ட்டுக்கு, அடுத்த கம்பிப் பிடிக்கு, தாவிவிட்டேன். டிராம் வண்டியைத் துரத்துகிறவள் போலப் பிள்ளை ஓடி வந்து பிடித்தாள். சனம் சிரித்தது.

"ஆர்மோனிய மிஸ் வாசிக்கட்டும் அப்பா. நீங்க முன்வரிசையில இருங்கோ."

கெஞ்சினேன். வெள்ளி வரை தவணை.

பெப். 7, திங்கள்
துறைமுகம். வழமை போல மூடை எண்ணல்: நாலு கோடு, குறுக்கே ஒன்று. அமெரிக்கக் கப்பலின் கறுப்பினச் சமையல்காரர், நானும் கிட்டார்க்காரன் என்று அறிந்து ஓர் இசைத்தட்டு தந்தார். லேபல் தேய்ந்து பேரே இல்லை. அவர் ஊர்ப் பக்கத்துப் பாட்டு, புளூஸாம். ஒரே ஆள் பாடி, அவரே கிட்டார். மூன்றே கோர்ட்: சி, எஃப், ஜி. நாலு தட்டு ஒரு பார்; அடிக்கு நாலு பார், மூன்று அடிக்குப் பன்னிரண்டு. விரல் விட்டுக் காட்டினார். எனக்கென்றே செய்தது!

பெப். 8, செவ்வாய்
வேலை முடிந்து வெள்ளவத்தை, நண்பர் துரைசிங்கத்தார் வீடு. கிராமபோன் அவரிடம்தான். நல்ல கடற்காற்று. பென்சிலோடு உட்கார்ந்தேன். இறங்கிய சரக்கு:

1ஆம் சரணம் – 12½ பார்
2ஆம் – 11
3ஆம் – 13½. எஃப் வரவேண்டிய இடத்தில் எஃப் இல்லை. மனிதர் சியிலேயே நின்றுவிட்டார்
4ஆம் – அரை பார் குறைவு. நான் கோடு போட முதல் ஜி போய்விட்டது

"துரை, உம்மட மெஷின்ர ஸ்பிரிங் தளந்துபோச்சு."

"மெஷினைச் சொல்லாதையும். மூடை எண்ணுறவரைப் பாட்டு எண்ண விட்டது என்ர பிழை."

மூன்று தரம் போட்டோம். மூன்று தரமும் அதே கணக்கு.

பெப். 10, வியாழன்
மறுபடியும் வெள்ளவத்தை. துரையின் மனைவி ஒரு கையில் தேநீரும் மறு கையில் வடையும் தந்துவிட்டார். கோடு போடக் கை இல்லை. சும்மா கேட்டேன்.

பாட்டுக்காரர் கடைசிச் சொல்லை இழுக்கிறார். கிட்டார் பதில் சொல்கிறது. மூச்சு. பிறகுதான் கோர்ட் மாறுகிறது. பாடுகிறவர் முடிக்கும்வரை வாசிக்கிறவர் காத்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆள், சண்டையில்லை. எங்கள் வீட்டில் இரண்டு ஆள்.

வடை ஆறிவிட்டது.

பெப். 11, வெள்ளி
தவணை நாள். ரெஜினா குசினியில் தேங்காய் துருவல்.

"பாடு மகள். நான் எண்ணமாட்டன்."

"நீங்களோ? படி ஏறினாலும் எண்ணுற ஆள்!"

"காதில இருக்கிற பென்சிலை முதல் இஞ்ச தாங்கோ," என்று மனைவி உருவி எடுத்தாள்.

மகளின் வாயைப் பார்த்தே வாசித்தேன். இரண்டாம் அடியை வேண்டுமென்றே இழுத்தாள், கள்ளி, கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு. சியில் நின்றேன். இன்னும் இழுத்தாள். நின்றேன். துருவல் நின்றது.

"மிஸ்ஸுக்கு நானே சொல்லுறன்," என்றாள்.

பெப். 12, சனி
மழை. மண்டபம் நிறைந்த சனம். என் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, கிட்டார் மறைத்தது.

மூன்றாம் அடியில் பிள்ளைக்குச் சொல் மறந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். சியிலேயே நின்றேன், சுற்றிச் சுற்றி. வேறொன்றும் தெரியாது. சொல் வந்தது, பாடினாள், எஃப்புக்குப் போனேன். பாட்டே அப்படித்தான் என்று சனம் நினைத்திருக்கும். நல்ல கைதட்டு.

பெப். 13, ஞாயிறு
வெயில். துரைசிங்கத்தார் சாப்பாட்டுக்கு வந்தார். மீன் குழம்பு.

"மூண்டாம் அடியில எத்தினை பார் நிண்டனீர்?"

தெரியாது என்றேன். பதினாறு வருடம் எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன். துரை நம்பவில்லை.

ரெஜினா சோறு போட்டுக்கொண்டே, "ஏழு," என்றாள். "நான் எண்ணினனான்."