உசேன் தட்டிய நம் வீட்டுக் கதவு

அன்புள்ள யசோதராவுக்கு, மஸ்கட்டிலிருந்து அறிவு. நான் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா?

வெள்ளிக்கிழமைகளில் அறை நண்பர்களுக்குப் பகடை விளையாட்டு நடத்துகிறேன். நம் ஊரை நினைவிலிருந்து வரைபடமாகப் போட்டு வைத்து, நான் கதை சொல்வேன். அவர்கள் அதற்குள் வீரர்களாக நடப்பார்கள். கல்மண்டபத்துக்கு மேலே மீன்கள் பறக்கும். எண்ணூர் கழிமுகத்தில் டிராகன் படுத்திருக்கும்.

நேற்று கதைக்குள் புளியந்தோப்பு உசேன் டிராகனைத் தேடாமல் நம் வீட்டுக் கதவைத் தட்டினான். "அண்ணி இன்னா சொல்றாங்க?" என்றான். கதையில் அவர்கள் சந்திக்கும் எல்லோருக்காகவும் நான்தான் பேச வேண்டும். "வா உசேனு, துன்னுட்டுப் போ" என்று உன்னைப் போலவே ஆரம்பித்தேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தூசி என்றேன்.

உசேன் பகடையைக் கீழே வைத்தான். "டிராகன் தூங்கட்டும்ண்ணே. இன்னிக்கு இங்கியே குந்திக்கினு இருப்போம்."

நம் தெருவில் இப்போது என்னென்ன கடைகள் இருக்கின்றன என்று எழுது. என் வரைபடம் மூன்று வருஷம் பழசு.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது.

உன் அறிவு