பாவு பிணைத்த சந்தோஷம்

ஞாயிறு, இரவு.

இதை எழுதுவதே தப்பாக இருக்கலாம், கர்த்தரே, மன்னியும். வாயில் வராதது இங்கேதான் வருகிறது.

இன்று சபையில் முதல்முறையாகச் சாட்சி சொல்ல எழுந்தேன். எதிர்வீட்டு மல்லிகா அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அவளுடைய தறியில் பழைய பாவின் நீளவாட்டு இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை நான்தான் பிணைத்துக்கொடுக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, எல்லோரையும்போல் "தேவன் என்னைப் பயன்படுத்தினார்" என்று முடிக்காமல், "எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குது" என்று முடித்துவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா பிடித்துக்கொண்டார். "சினிமா பாத்துட்டு வர்றவங்களும் சந்தோஷமாத்தான்மா வராங்க. அது ஊழியமா? உனுக்காக செஞ்சிகினு கர்த்தர் பேர சொல்றியே! மூணு வாரம் அங்க போகாத. மனசு ஏங்குச்சின்னா அது சுயநலம்."

"சரிங்கம்மா" என்றேன். வீட்டில் முதல் பட்டதாரி. படித்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குத்தானா?

போன வாரம் காணிக்கைப் பை வந்தபோது முகம் மலர்ந்து கொடுக்கச் சொன்னதும் இதே அம்மாதான். பைக்கு ஆகிற சந்தோஷம் பாவுக்கு ஆகாதா? நான் பரிசுத்தமாவதற்கு அக்காவின் தறி மூன்று வாரம் சும்மா கிடக்க வேண்டுமாம். இதில் எது சுயநலம்?

நேற்றுகூட அக்கா கேட்டாள். "இன்னாடி, இளிச்சிகினே பிணைக்கிற? இழை அறுந்துடப் போவுது."

நாளை போவேன். ஆனால் உட்கார்ந்ததும் என்னை நானே வேவு பார்ப்பேனோ என்று பயமாக இருக்கிறது. கர்த்தரே, பாஸ்டரம்மாவை மன்னிக்கும் மனதை இன்று கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதேயும்.