பேட்டரிக்கு வைத்த குங்குமம்

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் போபாலில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இங்கே நானும் உன் நைனாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், எனக்கு மண்டைதான் குழம்பிக் கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் நைனா ஸ்பீக்கரில் போடச்சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

ஓட்டிக்கொண்டிருந்த வேனை விற்றபிறகு உன் நைனாவுக்குப் பழைய பேட்டரியே கதி என்று ஆகிவிட்டது. தணிகைமலைக்கு ஓடும் ஆட்டோ, திருவாலங்காட்டு டிராக்டர் என்று செத்துப்போன பேட்டரியெல்லாம் நம் கொல்லைப்புறத்துக்குத்தான் வருகிறது. மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜரை மாட்டி, குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் தொட்டுத்தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார், பாதி பிழைத்துக்கொள்ளும், பாதி பழைய இரும்புக் கடைக்குப் போகும். பிளஸ் முனையில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துக்கொள்வார், சிவப்பு கிளிப்பை அதில்தான் மாட்டவேண்டுமாம். ஆயுத பூஜை வந்ததா, நான் எல்லா பேட்டரியையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன், இரண்டு முனைக்கும்தான் வைத்தேன், ஒன்றுக்கு வைத்துவிட்டு ஒன்றை மூளியாக விட மனசு வருமா, நீயே சொல்.

மறுநாள் தெருமுனை ராஜகோபாலின் ஆட்டோ பேட்டரியைச் சார்ஜில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அழுகின முட்டை நாற்றம், என்னவென்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் டமாரென்று வெடித்து ஆசிட் சிதறிவிட்டது. குடம் குடமாக அவர்மேல் தண்ணீர் ஊற்றினேன், சட்டை பொத்தல் பொத்தலாகிவிட்டது, கை சிவந்துபோனது, முகத்தில் படவில்லை, அதுவரைக்கும் முருகன் காப்பாற்றினான். ராஜகோபால் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இன்னா மாமா, கிளிப்ப மாத்திப் போட்டுகினு இருக்கீங்க என்றான். உன் நைனாவோ, எல்லாம் நீ வெச்ச குங்குமத்தால வந்த வெனைடி, ரெண்டு பக்கமும் செவப்பா இருந்தா நான் எதுல மாட்டறது என்று தெருவே கேட்க என்னைப் பார்த்துக் கத்தினார். மேலயே பிளஸ்ஸு மைனஸ்ஸுன்னு எம்மாம் பெருசா அச்சு போட்டுகினு கெடக்குது, அதப் பாக்கலியா மாமா என்று ராஜகோபால் கேட்டான். அவர் பொத்தலான சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்வீட்டு கெங்கம்மாள் என் மேல்தான் தப்பு என்கிறாள், ஒரு நேரம் ஆமாம் என்று தோன்றுகிறது, ஒரு நேரம் பூஜைக்கு வைத்தது எப்படித் தப்பாகும் என்று ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரத்தில்தான், குங்குமம்தானே ஆகாது, இரு என்று ஒருநாள் முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகூட வைக்காமல் வெறும் நெற்றியோடு அவர் எதிரிலேயே திரிந்தேன். குளித்துவிட்டு வந்து ஒரு நிமிஷம் அப்படி நின்றாலே என்னடி கோலம் இது என்று பதறுகிற மனுஷன், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, என் முகத்தைப் பார்த்து மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்புறம் கண்ணு சரியா தெரியலியா என்று கேட்டேவிட்டேன் கயல். ஆங், கொஞ்ச நாளா பொகையாட்டம் தெரியுது, கயலுக்கு மட்டும் சொல்லிடாத, லீவு போட்டுகினு ஓடியாந்துடுவா என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால் கண்ணுல கத்தி வெக்க வுடமாட்டேன் என்கிறார், அந்தக் கண்ணோடு இன்னமும் ஆசிட் பக்கத்தில்தான் உட்கார்கிறார். நைனா தானாக போனே பண்றதில்ல என்று கோபித்துக்கொண்டாயே, போனில் உன் பேரைத் தேட அவருக்குக் கண் தெரியவில்லையடி. நீ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், நீ சொன்னால் கேட்பார், ஆனால் நான் சொன்னதாகவும் தெரியக்கூடாது, அதை எப்படிச் செய்வாயோ எனக்குத் தெரியவில்லை, சொல்லாதே என்றதைச் சொல்வது சரியா என்பதும் தெரியவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், டூட்டி டூட்டி என்று பட்டினி கிடக்காதே, தணிகைமலையான் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும். தீபாவளிக்குள் எப்படியாவது வரப் பார், மறந்துவிடாதே. இதை ஒளிந்துகொண்டு எழுதவில்லை, பட்டப்பகலில் அவர் எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்னா எழுதிகினு இருக்க என்று கேட்டார், மளிகைச் சீட்டு என்றேன். காப்பித்தூளும் எழுதிக்க, தீந்துபோச்சு என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா
கன்னியம்மாள்