உப்பில்லாத பத்து நாள்

பினாங்கு, ராக்கிராக்கி, பிஜி
23 செப்டம்பர் 2001

அன்புள்ள ரோஷிகாவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள் கண்ணு, மணி பதினொன்றரை, அப்பாவுக்குச் சர்க்கரை மில்லில் ராத்திரி ஷிப்ட், உன் தம்பி ஷால்வின் தூங்கிவிட்டான். நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் சுகம்தானே என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை, நீ சுகமாக இல்லை என்று தெரிந்துவிட்டது. காலையில் சுஷீலா சித்தி போன் செய்தாள். அக்கா, ஒம் பொண்ணு விரதத்துல வேலையில மயங்கி வுழுந்துட்டா, ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, ஒரு மாசமாச்சு, இன்னமும் மாடிப்படி ஏறுனா பாதியில குந்திக்கிறா என்றாள். போனை வைத்தபிறகு கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய், கரும்புத் தோட்டத்தில் எரித்த கரி அதில் படிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எடுக்காமலே திரும்பி வந்தேன்.

போன வருஷம் மே மாதம் சுவாவில் கலவரத்தில் நம்மவர் கடைகளைக் கொளுத்திய செய்தியை ரேடியோவில் கேட்டு நான் மாரியம்மன் கோயிலுக்கு ஓடியது உனக்கு நினைவிருக்கும். என் பொண்ணுக்கு வெளிநாடு போக விசா கிடைத்தால் மூன்று வருஷம் திருவிழாவுக்குப் பத்து நாள் உப்பில்லாமல் ஒரு வேளை சாப்பிட்டுத் தரையில் படுப்பாள் என்று வேண்டினேன். நான் படுப்பேன் என்று ஏன் சொல்லவில்லை? பயந்த நேரத்தில் உன் உடம்புதான் எனக்குக் கையில் கிடைத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடம்புக்கு உப்பு எதற்கு என்று பாடம் எடுக்கிறவள் நான், டீச்சர் காலேஜில் படித்தவள். இங்கே ஆகஸ்டில் பாய் விரித்தால் போதும், அங்கே தெற்கே ஆகஸ்ட் என்றால் நடுங்கும் குளிர்காலம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே. படிப்போடு ராத்திரியெல்லாம் முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கிப் புரட்டிவிட்டு வந்து வெறுந்தரையில் படுத்திருக்கிறாய். ஏழாம் நாள் போனில் உன் குரல் நூலாய் வந்தது, நான் முதலில் கேட்டது என்ன? சாப்பாட்டில் உப்புப் போடவில்லையே என்றுதான். இல்லம்மா என்றாய். அந்த இல்லம்மா இன்று காலையிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் பூசாரி நரேந்திராவைப் பார்த்து எல்லாம் சொல்லி அழுதேன். ஆத்தாளா கேட்டா, நீதானே வாய்விட்ட, புள்ளைய எதுக்கு மயக்கம் போட வெச்ச, ஒன் வாயால சொன்னத ஒன் ஒடம்பால தீரு என்று திட்டினார். திட்டு வாங்கியதும்தான் மூச்சு வந்தது. மீதி இரண்டு வருஷமும் என்னுடையது. ஆனால் உன் பேரில் வேண்டிக்கொண்டதால், அம்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று நீயே சொன்னால்தான் காப்பை என் கையில் கட்டுவாராம்.

இப்போது அங்கே குளிர் விட்டு, சித்தி வீட்டுப் பின்னால் பிளம் மரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதாமே. வேலை முடிந்து வந்ததும் உடனே புத்தகத்தைத் திறக்காதே, அந்த மரத்தடியில் முதுகில் வெயில் படும்படி சும்மா கால்மணி உட்கார், ஒன்றும் செய்யாமல் இருப்பது தப்பில்லை, அது தப்பு என்று உன்னைப் பழக்கியதும் நான்தான். முதலில் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடி. சனிக்கிழமை தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணி உச்சியிலும் உள்ளங்காலிலும் தேய்த்து வெந்நீரில் குளி, தேய்த்துவிட சித்தியைக் கூப்பிடு, கேட்க வெட்கப்படாதே. வாரத்தில் ஒரு ராத்திரி வேலையை விட்டுவிடு. டாக்டரிடம் ரத்தம் பார். உடம்பு தேறியதும் கொஞ்சம் நடக்கலாம், அதற்கும் அவசரமில்லை. பரீட்சை ஒரு வருஷம் தள்ளிப்போனால் போகட்டும், அப்பாவும் அதையேதான் சொல்கிறார், புள்ள மொகம் பளிச்சுன்னு இருந்தா போதும் ஜான்கி என்கிறார்.

நான் தபாலில் அனுப்பிய மஞ்சள் காப்பு இன்னும் உன் கையில் இருக்கிறது என்று சித்தி சொன்னாள், அடுத்த திருவிழாவரை அவிழ்க்காதே என்று நான்தானே சொன்னேன். கடிதம் கையில் இருக்கும்போதே கத்தரியை எடுத்து வெட்டிவிடு. பிளம் மரத்தடியில் புதைத்துவிடு, சாமி கோபித்துக்கொள்ளாது, கோபித்தாலும் என்மேல்தான்.

ஆத்தா உன்னைக் காப்பாள், நீ நன்றாக இருக்க வேண்டும். உப்பை மறக்காதே. அம்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி எழுது, பூசாரியிடம் காட்ட வேண்டும். என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது. சீக்கிரம் பதில் போடு ரோஷி.

உன் அம்மா,
ஜான்கி