மினுங்காத மீன்

என்னங்க,

லியோனிலிருந்து அன்னா எழுதுகிறேன். நான் சுகம். அங்கே நம் உப்பளம் பகுதியில் மழையாமே, உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஆய்வுக்கூடத்தில் ஒன்று நடந்தது. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. நான் தீனி போடும் தொட்டியில் ஒரு மீனுக்கு மட்டும் வெள்ளிப் பளபளப்பே இல்லை. மங்கிய மீனை நோயுற்றது என்று அப்புறப்படுத்த வேண்டும். ஆனால் அது நன்றாகத் தின்றது. மனசு வராமல் தனித் தொட்டியில் விட்டேன். மேலதிகாரி ஈனெஸ் பார்த்துவிட்டார்.

"யார கேட்டு வச்சீங்க?"

"நல்லா சாப்புடுது மதாம்," என்றேன்.

அவர் அதன் செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். மீன் தோலின் செல்களுக்குள் மெல்லிய படிகங்கள் அடுக்கடுக்காக வளர்ந்து, கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்புமாம். அதுதான் அந்த வெள்ளி நிறம். இதற்குச் செல்கள் இருக்கின்றன, படிகம்தான் உருவாகவில்லை. நோயே இல்லை. படிகம் உருவாகும் விதத்தை அறிய இப்படி ஒரு மீனைத்தான் இரண்டு வருடமாகத் தேடினாராம்.

"நீங்களே பேரு வைங்க," என்றார்.

பார்சலில் வடகம் வையுங்கள். குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்றும்.

மீனுக்குத் தொமினிக் என்று உங்கள் பெயரையே வைத்தேன். கோபிக்காதீர்கள். வீட்டில் உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே தினமும் காலையில் கூப்பிடுகிறேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் அன்னா