எங்கள் விலாசத்தில் வசிக்கும் ஜீப்

மே 4, 2025 – ஞாயிறு

இன்று காலை ஏழு பத்துக்கு, எவருடைய தூண்டுதலும் இன்றி, நன்றாக யோசித்த பின், இனிமேல் பல்கனியில் கோப்பி குடிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பதினெட்டு வருடப் பழக்கம். முடிவு உடனடியாக நடைமுறைக்கு வந்தது. குசினியில் சுவரைப் பார்த்தபடி குடித்தேன். மனைவி அனிற்றாவுக்கு முறையாக அறிவித்தேன்.

"ஏன், வெயிலோ?" என்றாள்.

ஓம் என்றேன். வெயில் இல்லை.

பல்கனிக்கு நேர் கீழே விமலராஜின் புதிய வாகனம் நின்றது. விமலராஜ் என் சகலன்; அனிற்றாவின் தங்கை றெபேக்காவின் கணவன். பலெர்மோவின் கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவில் ஒரு மீன் உணவகத்தில் தலைமைச் சமையல்காரன். பதினொரு வருடங்களுக்கு முன் அவனுக்கு இத்தாலியனில் ஒன்று முதல் பத்து வரை எண்ணக் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது அவன் குதிரைவலுவை எண்ணுகிறான்.

மே 6

நாட்குறிப்பில் உண்மையைத் தெளிவாக வைத்திருப்பது நல்லது. விமலராஜ் மொண்டெல்லோவில் இருக்கும் வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லை. வீட்டுக்காரருக்கு வரியில் நம்பிக்கை இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் வதிவிடப் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் வைத்தியர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வாகனம் இல்லை. ஆகவே மாநகரசபையின் புத்தகத்தில் அவன் குடும்பத்தோடு நகர மத்தியில், அல்பெர்கேரியாவில், எங்கள் இரண்டு அறைக்குள் வசிக்கிறான். கீழே தபால்பெட்டியில் மூன்று பெயர்ச் சீட்டுகள்: என்னுடையது, அனிற்றாவுடையது, விமலராஜ் குடும்பத்தினுடையது.

ஜீப்பின் பதிவுப் பத்திரத்திலும் எங்கள் விலாசம்தான். சட்டப்படி அது எங்களோடு வசிக்கிறது. நான் அதில் ஏறியதில்லை. என்னிடம் பஸ் பாஸ் இருக்கிறது.

அவனுக்கு வரும் அபராதக் கடிதங்களை நான் ஒருபோதும் தாமதப்படுத்தியதில்லை. வந்த அன்றே மொண்டெல்லோவுக்கு பஸ் பிடித்து, கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

மே 11 – ஞாயிறு

பூசை முடிந்து அனிற்றாவும் மகள் தர்சனாவும் ஜீப்பில் வந்தார்கள். நான் நடந்து வந்தேன். தூரம் அறுநூறு மீற்றர்.

"பப்பா, சியோவின்ர மக்கினாவில சீற் சூடாகும்!" என்றாள் தர்சனா. சித்தப்பாவின் காரை அவள் இத்தாலியனில்தான் சொல்வாள். வயது பதினான்கு.

பலெர்மோவில், மே மாதத்தில், பிட்டம் சூடாவதை முன்னேற்றம் என்று கருதும் தலைமுறை.

மே 19

இணையத்தில் இந்த வாகனத்தின் உரிமையாளர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. நான் சேர்ந்துகொண்டேன். அவர்கள் பதிவுப் பத்திரம் கேட்பதில்லை.

மே 27

இருபது வருடமாக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டில் வேலை செய்கிறேன். அவருடைய புத்தகங்களைத் தூசி தட்டும்போது வாசிக்கும் பழக்கம் வந்தது. ஆனால் எந்த நூலும் இந்தக் குழுவைப் போல என்னை ஈர்த்ததில்லை. நூற்றுக்கணக்கானோர் தங்கள் துயரத்தை எழுதுகிறார்கள். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறதாம். காலப்போக்கில் றப்பர் உதிர்ந்து, அந்தத் துகள் ஒயில் வடிகட்டியை அடைக்கிறது. முதல் அறிகுறி: சிவப்பு விளக்கு மினுங்கும்.

மூன்று பேருக்கு ஆலோசனை சொன்னேன். ஒருவர் நன்றி தெரிவித்திருந்தார். இரவு நல்ல நித்திரை.

ஜூன் 8 – ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் விமலராஜ் சாதாரணமாகச் சொன்னான்:

"அண்ணை, அந்த ஒயில் லைற் இடைக்கிடை மினுங்குது. கொஞ்சம் ஒயில் விட்டனான், நிண்டுட்டுது."

கணவாய் மீன் துண்டைத் தட்டிலேயே வைத்தேன். முகத்தை இயல்பாக வைத்திருக்க முயன்றேன்.

"பெல்ட்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லு, தம்பி. இந்த எஞ்சினுக்கு அது வழக்கமான வியாதி."

"கேட்டியளே, ஜீப் என்ர, வியாதி எல்லாம் அண்ணைக்குத் தெரியுது!" என்று சிரித்தான். றெபேக்கா சிரித்தாள். அனிற்றா சிரித்தாள். "அத்தானுக்கு அதில ஒரு கண், விடுங்கோ" என்றாள் றெபேக்கா.

குழுவில் எனக்கு இன்று 'மூத்த உறுப்பினர்' என்ற பட்டம் கிடைத்தது. வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 18 – புதன்

தபால்காரர் மணி அடித்தார். விமலராஜுக்குப் பதிவுத் தபால். அபராதம் என்று எண்ணி உற்சாகத்தோடு கீழே இறங்கினேன். ஒப்புகை அட்டையில் 'உடன் வசிப்பவர்' என்ற கட்டத்தில் புள்ளடி இட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அபராதம் இல்லை. அனுப்பியது வாகனக் கம்பனி. பிரித்தேன் – ஒரே விலாசம், ஒரே குடும்பம்.

பெல்ட்டின் துகள்கள் ஒயிலை அடைக்கலாம். அப்படியானால், அரிதான சந்தர்ப்பங்களில், பிரேக்குக்கு உதவும் பம்ப் செயலிழந்து மிதி இறுகிப்போகலாம். அவ்வாறு நேர்ந்தால் முழுப் பலத்தோடு மிதிக்கவும், கியரைக் குறைக்கவும், கைப்பிரேக்கைப் படிப்படியாக இழுக்கவும். இயன்றவரை வாகனத்தை ஓட்ட வேண்டாம். பெல்ட், பம்ப், ஒயில் எல்லாம் இலவசமாக மாற்றித் தரப்படும். அதுவரைக்கும் வேறொரு புதிய வாகனம் தரப்படும். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

வேறொரு புதிய வாகனம்.

இவனுக்குப் பழுது வந்தாலும் பரிசாத்தான் வருமோ? வருந்துகினமாம்! இருபது வருசமா நாலு மாடிப் படி ஏறி இறங்கி என்ர முழங்கால் தேஞ்சுபோச்சு. ஆர் என்னைத் திருப்பிக் கூப்பிட்டுத் திருத்தித் தந்தவை? எனக்கு ஆரும் பதிவுத் தபால் போடேல்லை.

கடிதத்தைப் பெரிய அகராதிக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வரும்போது கொடுக்கலாம்.

ஜூன் 22 – ஞாயிறு

கொடுக்கவில்லை. சாப்பிடும்போது எஞ்சின் கோளாறு பேசுவது நாகரிகம் அல்ல.

ஜூன் 29 – ஞாயிறு

கொடுக்கவில்லை. இன்று காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 9

நான்கு நாள் பிந்திய கடிதத்துக்கு மறதி என்று சொல்லலாம். மூன்று வாரம் பிந்திய கடிதத்துக்கு விளக்கம் வேண்டும். திகதி உறையின் மேலேயே அச்சாகியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைக் கொடுப்பது கடினமாகிறது. ஒவ்வொரு நாளும் அதைக் கொடுப்பது அவசியமாகிறது. 'அரிதான சந்தர்ப்பங்களில்' என்ற சொற்களைப் பலமுறை வாசித்தேன். ஆறுதல் தரும் சொற்கள்.

விளக்கு இன்னும் மினுங்குதாம். அவன் இன்னும் ஒயில் விடுகிறான்.

ஜூலை 20 – ஞாயிறு

அனிற்றா முன் இருக்கையில் இருந்து இறங்கினாள். கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். எங்கள் கலியாணத்தன்று வாடகைக் காரில் இருந்து இறங்கியபோதும் இப்படி இறங்கவில்லை.

ஜூலை 31

தீர்வு கண்டேன். பேராசிரியர் மதியம் தூங்கும் நேரத்தில், கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். நான் விமலராஜ் என்றேன்.

அந்தப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். வாகனத்தின் நிறம் கேட்டாள். இலக்கத் தகட்டைக் கேட்டாள். மனப்பாடமாகச் சொன்னேன். "குடும்பத்துக்கு நல்ல தெரிவு, சிஞ்ஞோரே" என்றாள். நன்றி சொன்னேன். நான்கு நிமிடம் அந்த ஜீப் என்னுடையதாக இருந்தது.

"தற்போது வாகனத்தை ஓட்டுகிறீர்களா?"

"இல்லை."

அது பொய் அல்ல. நான் ஓட்டுவதில்லை.

ஆகஸ்டில் கராஜ் எல்லாம் பூட்டு. கிடைத்த முதல் நாள் செப்டம்பர் 8, திங்கள். அதற்கு முதல் நாள், கம்பனி தவறுதலாக என் தொலைபேசிக்கு அழைத்தது என்று அவனிடம் சொல்வேன். கடிதம் பற்றி எவரும் அறியத் தேவையில்லை. முப்பத்தொன்பது நாள் பொறுத்தால் போதும்.

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

வியாழக்கிழமை பலெர்மோவைக் காக்கும் புனிதை சாந்தா றொசாலியாவின் திருநாள். எங்கள் சனம் அவளுடைய குகைக் கோயில் இருக்கும் மலைக்கு நடந்துதான் ஏறும். சைவக்காரரும் ஏறுவார்கள், பலர் செருப்பும் போடுவதில்லை. அனிற்றாவும் நானும் ஒரு வருடம்கூடத் தவறாமல் சேர்ந்து ஏறியிருக்கிறோம். இந்த முறை அவள் ஜீப்பில் போகிறாளாம்.

"அது பாதுகாப்பில்லாத எஞ்சின்" என்றேன்.

"அவன் வாங்கின நாளில இருந்து உதைத்தானே சொல்லுறியள். ஒயில் எண்டியள், பெல்ட் எண்டியள், ரயர் பெரிசு எண்டியள், நிறம் வெக்கையை இழுக்கும் எண்டியள்."

"இந்த முறை உண்மையாச் சொல்லுறன்."

"அப்ப மற்ற முறை எல்லாம்?"

மேசையில் கிடந்த பஸ் பாஸை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"இஞ்சருங்கோ," என்றாள், குரலைத் தணித்து. "பொறாமைப்படுறது ஒரு குற்றமில்லை. ஆனா அதைத் தூக்கிக்கொண்டு மலையேறாதேங்கோ."

செப்டம்பர் 4 – வியாழன்

இடது கையால் தாளைப் பிடித்து வலது கையால் எழுதுகிறேன். ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கடிதத்தை அகராதியிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். நடந்து ஏறினேன். மேலே கொடுத்துவிடுவது என்று தீர்மானம். குகைக் கோயிலின் வாசலில் விமலராஜ் என்னைக் கட்டிப்பிடித்தான். "அண்ணை நடந்தே வந்திட்டார்!" என்று அங்கே நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னான். றெபேக்கா தண்ணீர் தந்தாள். கை பைக்குப் போனது. போய்த் திரும்பியது.

இறங்கும்போது, "முழங்காலோட நடக்க வேண்டாம், ஏறுங்கோ" என்றாள் அனிற்றா. றெபேக்கா தன் பிள்ளைகளோடு வேறு ஒரு குடும்பத்தின் காரில் போய்விட்டாள். நான் ஏறாவிட்டாலும் விமலராஜ், அனிற்றா, தர்சனா மூவரும் அதில்தான் மலையிறங்குவார்கள். ஏறினேன். இதைத் துணிவு என்று எழுத முடியாது. கடிதத்தைக் கொடுப்பதைவிட ஏறுவது சுகமாக இருந்தது.

முன் இருக்கை. நல்ல இருக்கை. அதை எழுதாமல் விடுவது நேர்மையில்லை.

மொண்டெல்லோப் பக்கம் நான்காவது வளைவோ ஐந்தாவது வளைவோ. சிவப்பு விளக்கு மினுங்கவில்லை, நிலையாக எரிந்தது. விமலராஜ் காலை ஊன்றினான். வண்டி நிற்கவில்லை.

"அண்ணை... பிரேக் கல்லு மாதிரிக் கிடக்கு. அண்ணை!"

"முழுப் பலத்தோட மிதி! விடாதை, மிதி! கியரைக் குறை – இன்னும் குறை – கைப்பிரேக்கை மெல்ல, மெல்ல இழு – ஒரேயடியா இழுக்காதை!"

சொல்லுக்குச் சொல் கடிதத்தில் இருந்தபடியே கத்தினேன். பக்கத்துக் கல்மதிலை உரசி, உரசி, முப்பது மீற்றர் போய் நின்றது. தர்சனாவுக்கு ஒன்றுமில்லை. என் பிள்ளைக்கு ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. அனிற்றா கதவில் கையை ஊன்றியிருந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

கடிதம் வியர்வையில் ஊறியிருந்தது. உலர்த்தி மறுபடி அகராதிக்குள் வைத்தேன்.

செப்டம்பர் 7 – ஞாயிறு

பூசையில் விமலராஜ் எல்லோருக்கும் சொன்னான்: "சாந்தாவும் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையும்தான் எங்களைக் காப்பாத்தினவை." முதுகில் தட்டினார்கள். இதற்காகத்தான் பதினொரு வருடம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

அனிற்றா கேட்டாள்: "உங்களுக்கு எப்பிடி அப்பிடி டக்கெண்டு தெரிஞ்சது?"

இணையத்தில் வாசித்தேன் என்றேன். பொய் அல்ல, பெரும்பகுதி.

செப்டம்பர் 10

வாகனத்தை இழுத்துச் சென்ற கராஜில் இருந்து, இந்த வகைக்குக் கம்பனி மீளழைப்பு அறிவித்திருப்பதாக விமலராஜுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கொதித்துப்போய் வந்தான்.

"எனக்கு ஒரு துண்டுக் கடிதம் போட்டவங்களோ அண்ணை? அக்கான்ர கையைப் பாருங்கோ! பிள்ளை செத்திருந்தா? நீங்கள் நல்லா எழுதுவியள். எழுதித் தாங்கோ, கிழிச்சு எழுதுங்கோ."

எழுதினேன். இரண்டு பக்கம். 'ஒரு குடும்பத்தின் உயிரைத் துச்சமாக மதித்து, ஒரு வரி எச்சரிக்கையும் அனுப்பாத' என்று தொடங்கும் பகுதி நன்றாக வந்திருக்கிறது. அனிற்றா வாசித்துவிட்டு அழுதாள். "எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறியள்" என்றாள்.

பதில் அனுப்ப வேண்டிய விலாசம்: எங்களுடையது.

செப்டம்பர் 16

இன்று வேலைக்குப் பிந்திப் போனேன். தபால்காரருக்காக.

செப்டம்பர் 17 முதல் 29 வரை

அதே.

செப்டம்பர் 30

பேராசிரியரை வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்திருக்கிறார். அனிற்றா வாங்கினாள், இடது கையால் கையெழுத்திட்டு. விமலராஜின் பெயர்தான். ஒரே விலாசம், ஒரே குடும்பம். பிரித்திருக்கிறாள்.

நான் வரும்போது குசினி மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று கம்பனியின் பதில். மற்றது அட்டையின் பிரதி: ஜூன் 18, 'உடன் வசிப்பவர்', என் கையெழுத்து. என் கையெழுத்து தெளிவானது. எல்லோரும் பாராட்டுவார்கள்.

"எங்கை அது?" என்றாள்.

அகராதியை எடுத்துக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் அவளால் அதைத் திறக்க முடியவில்லை. நான் திறந்தேன்.

நிதானமாக வாசித்தாள். எப்படி மிதிப்பது, எப்படிக் கியரைக் குறைப்பது என்ற வரிகளில் விரலை வைத்துத் திரும்ப வாசித்தாள்.

"எத்தினை நாள்?"

"எழுபத்தெட்டு" என்றேன். எண்ணி வைத்திருந்தேன்.

"பிள்ளை அதுக்குள்ள இருந்தவள்."

"நானும் இருந்தனான், அனிற்றா."

"ஓம்," என்றாள். "நீங்கள் தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்கள்."

அக்டோபர் 5 – ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அனிற்றாவும் தர்சனாவும் புதன்கிழமை முதல் மொண்டெல்லோவில். கணவாய் மிஞ்சியது.

அக்டோபர் 11

குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: மீளழைப்புக் கடிதம் வந்திருக்கிறது, அவசரமா, பிறகு பார்க்கலாமா? பதில் எழுதத் தொடங்கி அழித்தேன். மறுபடி எழுதினேன்: இன்றைக்கே கொண்டுபோங்கள். மூத்த உறுப்பினர் என்பதால் உடனே ஏற்றுக்கொண்டார்.

அக்டோபர் 19 – ஞாயிறு

விமலராஜுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் எழுத்து ஒப்பந்தத்தோடு வீடு கிடைத்திருக்கிறது. நான்கு அறைகள். பதினொரு மணிக்கு வந்து, மேலே ஏறாமல், தபால்பெட்டியில் இருந்து தன் குடும்பச் சீட்டைக் கழற்றினான். தர்சனாவும் அவனோடு வந்திருந்தாள். தாயின் சீட்டை அவள் கழற்றினாள். பசை இறுகியிருந்ததால் நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

பெட்டியில் இப்போது ஒரு பெயர் இருக்கிறது.